பாய்மரப் பயிற்சிக் கப்பலில் பெருங்கடலைக் கடப்பவருக்கு: குமரிக் கடற்கரைப் பிள்ளைகளுக்கான வழிகாட்டி

பாய்மரப் பயிற்சிக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு குளச்சல், முட்டம், தூத்தூர்ப் பக்கத்திலிருந்து என்னைத் தேடி வரும் பிள்ளைகள் முதலில் புயலைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்ததாகப் பாய்மரத்தின் உயரத்தைக் கேட்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பெருங்கடலைக் கடக்கும் மூன்று நான்கு வாரங்களில் நல்ல திடமான பிள்ளைகளும் சோர்ந்து விழுவதை நான் பார்த்திருக்கிறேன். துண்டு துண்டாகக் கிடைக்கும் தூக்கத்தைக் கையாளத் தெரியாததுதான் பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருந்தது. ஆகவே இங்கே மற்ற எல்லாவற்றையும்விடக் காவல் முறையைப் பற்றியும், அதனைச் சுற்றி உங்கள் நாளை அமைத்துக்கொள்வதைப் பற்றியுமே அதிகம் எழுதுகிறேன்.

இந்தியக் கடற்படையிடம் இத்தகைய கப்பல்கள் இரண்டு உள்ளன. 1997-இல் பணியில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். தரங்கிணி, 2012-இல் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். சுதர்சினி ஆகிய இரண்டும் கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை. 54 மீட்டர் நீளமும் மூன்று பாய்மரங்களும் கொண்ட 'பார்க்' வகைக் கப்பல்களான இவை கொச்சியிலிருந்து இயங்குகின்றன. தரங்கிணி 2003-இல் புறப்பட்டு உலகைச் சுற்றி 2004-இல் திரும்பிவந்த கப்பல். வெளிநாடுகளில், 1914-இல் கட்டப்பட்ட நார்வேயின் ஸ்டாட்ஸ்ராட் லெம்குல் போன்ற பெரிய கப்பல்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களையும் பயிற்சியாளர்களாக ஏற்றுக்கொள்கின்றன. கப்பலுக்குக் கப்பல் விதிகள் மாறும். உங்கள் கப்பலின் அதிகாரி சொல்வதே உங்களுக்கு முடிவானது. நான் இங்கே எழுதுபவை, பயிற்சியாளராகக் கனேரித் தீவுகளிலிருந்து கரீபியத் தீவுகள் வரை ஏறத்தாழ 2,700 கடல்மைல் சென்ற முதல் பயணத்திலும், பின்னர் நிரந்தரப் பணியாளராக மேற்கொண்ட பயணங்களிலும் கற்றவை.

கரையிலேயே முடித்துவிட வேண்டியவை

நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதங்களில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர்கள் அருகில் ஒரு வாரம் உட்கார்ந்தால், கயிற்றைப் பற்றிக் கப்பலில் சொல்லித்தருவதில் பாதி உங்களுக்குக் கைவந்துவிடும். எத்தனை முடிச்சு தெரியும் என்பது முக்கியமில்லை. இழுத்தால் இறுகாத கண்ணி முடிச்சு, கம்பத்தில் போடும் கட்டு, இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு ஆகிய மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கயிற்றில், நின்ற நிலையில் போடத் தெரிந்தால் போதும்.

பெட்டி கொண்டுபோகாதீர்கள், அதை வைக்க இடம் இருக்காது. மடித்துவைக்கக்கூடிய துணிப்பை ஒன்றே சரி. சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு, வழுக்காத ரப்பர் அடியுள்ள மூடிய காலணி, நல்ல மழைச்சட்டை, கழுத்திலோ இடுப்பிலோ கயிற்றால் கட்டிய சிறு கத்தி, கண்ணை மறைக்கும் துணி, காதடைப்பு ஆகியவற்றை மறக்கக் கூடாது. கைலி படுக்கைக்கு மிகவும் உதவும். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு தளத்திற்கு வரக் கூடாது. வெப்பநாட்டுக் கடல்தானே என்று குளிருக்கான உடையை விட்டுச்செல்பவர்கள், விடியற்காலை மூன்று மணிக்கு நனைந்த சட்டையோடு காற்றில் நிற்கும்போதுதான் அதன் அருமையை உணர்கிறார்கள்.

வீட்டாரிடம் பேச வேண்டிய பேச்சு ஒன்றும் உண்டு. இதை யாரும் செய்வதில்லை. நம் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவரிடமிருந்து தகவல் வராவிட்டால், அந்த வீட்டில் உலை ஏறாது. கப்பலின் செயற்கைக்கோள் தொலைபேசி உங்கள் நலம் விசாரிப்பதற்கானது அல்ல. ஆகவே தினமும் பேசுகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வாரம் என் குரலைக் கேட்கமாட்டீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். கப்பலைச் சேர்ந்த கரை அலுவலகத்தின் எண்ணை எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள். கரை சேரும் நாளாக, கப்பலில் சொல்லும் தேதிக்கு ஒரு வாரம் பிந்திய தேதியைச் சொல்லுங்கள். பாய்மரக் கப்பல் காற்றைப் பொறுத்தே போகும். சொன்ன நாளுக்கு முந்தி வந்தால் மகிழ்ச்சி. பிந்தினால் வீட்டில் படும் வேதனையை நீங்கள் ஈடுசெய்ய முடியாது.

காவல் முறை

கப்பலில் இருபத்துநான்கு மணி நேரமும் நான்கு நான்கு மணி நேரமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பயிற்சியாளர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழு எட்டிலிருந்து பன்னிரண்டு வரையிலும், அடுத்தது பன்னிரண்டிலிருந்து நான்கு வரையிலும், மூன்றாவது நான்கிலிருந்து எட்டு வரையிலும் காவல் நிற்கும். இதே நேரம் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் வரும். சில கப்பல்களில் மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்து, குழுக்களின் நேரம் நாள்தோறும் மாறும்படி செய்வார்கள்.

கணக்குப் பார்த்தால் எட்டு மணி நேர வேலையும் பதினாறு மணி நேர ஓய்வும் என்று தோன்றும். அந்தப் பதினாறு மணி நேரத்திற்குள்தான் சாப்பாடு, சுத்தம் செய்தல், பாடம், சமையலறை முறை, துணி துவைத்தல், பாயை மாற்றுவதற்காக எல்லாரையும் தளத்திற்கு அழைக்கும் அழைப்பு ஆகிய அனைத்தும் வரும். நள்ளிரவுக் காவல் கிடைத்தவருக்கு மாலை ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை ஒரு தூக்கமும், காலை நாலேகாலிலிருந்து ஏழரை வரை இன்னொரு தூக்கமும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் முக்கால் மணி நேரம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குவதை இந்த மூன்று வாரங்களுக்கு மறந்துவிட வேண்டும். இரண்டு தூக்கங்களையும் நீங்களே காத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு நான் கண்ட வழி, காவல் முடிந்ததும் நேராகப் படுக்கைக்குப் போவதுதான். இதைச் சொல்வது எளிது. நள்ளிரவுக் காவல் முடிந்து, கையில் சூடான தேநீருடன், தலைக்குமேல் கொட்டிக்கிடக்கும் நட்சத்திரங்களுக்குக் கீழே நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டால் எழுந்துபோக மனம் வராது. முதல் வாரம் எல்லாரும் இப்படி உட்கார்கிறார்கள். இரண்டாம் வாரம் அவர்களே சிறு பேச்சுக்கும் சண்டைக்கு வருகிறார்கள். தங்குகடல் மீன்பிடிக்குப் போய் ஒரு மாதத்திற்கும் மேல் கடலில் கிடந்து பழகிய என் பெரியப்பா புறப்படும்போது சொல்லி அனுப்பியது இது: “மக்களே, வலையப் போட்டாச்சுன்னா கண்ண மூடணும். ஒறக்கம் வரலேன்னாலும் கெடக்கணும்.” தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் அசையாமல் கிடப்பது உடலுக்குப் பாதி ஓய்வு தருகிறது என்பதைப் பெருங்கடலில்தான் ஒப்புக்கொண்டேன்.

படுக்கும் முன் அடுத்த காவலுக்கான உடையை அணியும் வரிசையில் அடுக்கிவையுங்கள்: கடைசியில் அணிவது அடியில், முதலில் அணிவது மேலே, காலணி எப்போதும் ஒரே மூலையில், பாதுகாப்பு வார் தலைமாட்டில். விளக்குப் போடாமல், பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாமல், சாய்ந்தாடும் தரையில் ஐந்து நிமிடத்தில் உடுத்தி முடிக்க வேண்டும். கப்பல் சாயும் பக்கத்தில் ஒரு துணிச்சுருளை உடலோடு ஒட்டிச் செருகிக்கொண்டால், உருண்டுவிடாமல் இருப்பதற்காக உடல் இரவெல்லாம் தசையை இறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி, முறை மாற்றும் விதம். காவல் முடிவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒருவர் கீழே சென்று அடுத்த குழுவை எழுப்ப வேண்டும். பெயரைச் சொல்லி, தோளைத் தொட்டு, நேரத்தையும் மேலே உள்ள வானிலையையும் மெதுவாகச் சொல்ல வேண்டும். “மணி பதினொன்றரை, மழை தூறுகிறது, மழைச்சட்டை எடுத்துக்கொள்” என்பது போதும். வாயால் 'சரி' என்று சொல்லிவிட்டு மீண்டும் தூங்குபவர்கள் உண்டு. ஆகவே அவருடைய கால் தரையில் படுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். எழுந்தவர் குறித்த நேரத்திற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே தளத்தில் நிற்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வரும் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். கீழே இருக்கும்போதே சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பயன்படுத்தச் சொல்வதும் இதனால்தான். சுக்கானை ஒப்படைப்பவர் செல்ல வேண்டிய திசையின் பாகையைச் சொல்வார். வாங்குபவர் அதே எண்ணை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது, எந்தப் பாய்கள் விரிந்திருக்கின்றன, தொலைவில் கப்பல் விளக்கு ஏதும் தெரிகிறதா, குழுவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

என் முதல் பயணத்தின் ஐந்தாம் இரவு நான் எட்டு நிமிடம் பிந்தினேன். காலணி ஒன்றைக் காணவில்லை; தேடிக்கொண்டிருந்தேன். காற்று அன்று முன்பக்கத்திலிருந்து வீசியது. சுக்கானில் நின்ற பையன் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காதவன். பன்னிரண்டு மணி அடித்ததும் தன் வேலை முடிந்துவிட்டது என்று அவன் உடல் முடிவுசெய்துவிட்டது. கண் ஒரு கணம் சொருகியது. காவல் அதிகாரி குரல் கொடுப்பதற்குள் கப்பல் காற்றுக்குள் திரும்பி, முன்மரத்தின் பாய்கள் அனைத்தும் பின்னடித்து மரத்தோடு அறைந்தன. அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. பாய்களைத் தாங்கும் குறுக்கு மரங்களான பருமல்களைத் திருப்பிக் கப்பலைப் பழைய திசைக்குக் கொண்டுவர எல்லாக் குழுக்களையும் எழுப்பினார்கள். முடிவதற்கு இரண்டு மணியாயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் பையனை அதிகாரி கண்டித்தபோது, காரணம் நான்தான் என்று சொல்லி முன்னால் போய் நின்றேன். அதற்குப் பிறகு என் காலணி இரண்டும் கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்டே இருந்தன.

மேற்கு நோக்கிப் போகும் கப்பலில் ஒவ்வொரு 15 பாகை தீர்க்கரேகைக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அந்தக் கூடுதல் மணி நேரத்தை ஒரே குழு சுமக்காமல், மூன்று குழுக்களும் ஆளுக்கு இருபது நிமிடம் கூடுதலாக நிற்கும்படி பங்கிடுவது வழக்கம். உங்கள் கப்பலில் அப்படிச் செய்யாவிட்டால், பணிவோடு கேட்டுப்பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

கயிறு

பாய்மரக் கப்பலில் ஏறிய முதல் நாள் நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் ஒரே காடாகத் தெரியும். சுதர்சினியில் மட்டும் ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் கயிறு இருக்கிறது. பெயர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். கயிறுகள் கட்டப்பட்டிருக்கும் வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பாயைச் சேர்ந்த கயிறுகள் அடுத்தடுத்து வரும். இடப்பக்கம் இருப்பது அதே வரிசையில் வலப்பக்கமும் இருக்கும். முன்மரத்தில் ஒன்றைக் கற்றால் நடுமரத்தில் அதன் இணையைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் மூன்று நாள், ஒவ்வொரு காவலின்போதும் ஒரு பாயை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஆஞ்சான் (பாயை மேலே ஏற்றும் கயிறு) எங்கே, கீழ்மூலைக் கயிறு எங்கே, சுருட்டும் கயிறு எங்கே என்று கையால் தொட்டுப் பாருங்கள். இருட்டில் மறுமுறை தொட்டுப் பாருங்கள். இரவில் பெயர் சொல்லி அழைக்கும்போது கண்ணைவிடக் கைதான் முதலில் போகும்.

கயிறுகள் கட்டப்படும் மரத்தாலான அல்லது இரும்பாலான முளையைக் கப்பலில் 'பின்' என்பார்கள். கயிற்றை முளையின் அடிப்புறத்தில் முதலில் கொடுத்து, பிறகு மேலே குறுக்காகக் கொண்டுவந்து, எட்டு வடிவில் மூன்று சுற்றுப் போட வேண்டும். அதோடு நிறுத்துங்கள். வள்ளத்தில் செய்வதுபோல் கடைசியில் ஒரு பூட்டு முடிச்சு போடும் ஆசை நம் பிள்ளைகளுக்கு வரும், போடக் கூடாது. நனைந்த கயிறு இறுகினால் அந்த முடிச்சு விரலுக்கு அசையாது. அவிழ்க்க வேண்டிய நேரமோ பெரும்பாலும் காற்று திடீரென ஏறும் நேரமாகவே இருக்கும்.

மீதிக் கயிற்றைச் சுருட்டும்போது முளையின் பக்கத்திலிருந்து தொடங்கி நுனியை நோக்கிப் போங்கள். நுனியிலிருந்து தொடங்கினால் கயிற்றின் முறுக்கெல்லாம் முளையருகே வந்து தேங்கிச் சிக்காகும். வலமுறுக்குக் கயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில்தான் சுருட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலால் ஒரு சிறு திருப்பு கொடுத்தால் கயிறு தானாகப் படிந்து விழும். சுருள் முடிந்ததும் அதன் நடுவே கையை நுழைத்து, முளையிலிருந்து வரும் கயிற்றைப் பற்றிச் சுருளுக்குள் இழுத்து, ஒருமுறை முறுக்கி, சுருளின் மேலாகக் கொண்டுவந்து முளையில் மாட்டுங்கள். சரியாக மாட்டிய சுருள் கப்பல் எவ்வளவு ஆடினாலும் கீழே விழாது. எடுத்துத் தரையில் கவிழ்த்தால் சிக்கின்றி ஓடும். தவறாக மாட்டியது, உங்களுக்கு அடுத்து வரும் குழுவில் யாரோ ஒருவரின் கையில் சிக்கும்.

கட்டிய கயிற்றை அவிழ்க்கும் முன் மேலே பாருங்கள். அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அங்கே யாராவது நிற்கிறார்களா என்று தெரிந்துகொண்டு, கடைசிச் சுற்றை எடுக்கும் முன் பாரம் எவ்வளவு என்று கையால் உணர்ந்து பார்த்த பிறகே விட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கக் கூடாது. தரையில் கிடக்கும் கண்ணிக்குள் கால் வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் மீறியதால் விரல் போனவர்களை நம் ஊர் விசைப்படகுகளிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பாய்மரத்தில் ஏறுவது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அதைக் கப்பலில் பொறுமையாகவே கற்பிப்பார்கள். காற்று வரும் பக்கத்திலிருந்து ஏற வேண்டும். அப்போது காற்று உங்களைக் கயிற்றேணியோடு அழுத்திப் பிடிக்கும். கையால் செங்குத்துக் கயிறுகளைத்தான் பிடிக்க வேண்டும். காலை வைக்கும் குறுக்குக் கயிறு அறுந்துபோகக்கூடியது. சட்டைப்பையில் எதையும் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். பயமாக இருந்தால் இன்று ஏறவில்லை என்று சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

சுக்கானில் நிற்கும் நேரம்

சுக்கான் பிடிக்கும் முறை ஒருவருக்கு அரை மணியோ ஒரு மணியோ வரும். புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: திசைகாட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, அது நகர்ந்த பிறகு சக்கரத்தைச் சுழற்றுவது. பெரிய கப்பல் தாமதமாகத் திரும்பும், தாமதமாகவே நிற்கும். ஆகையால் அது சரியான திசையை எட்டுவதற்கு முன்பே சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இரவில் திசை சரியாக இருக்கும்போது பாய்மரத்தின் விளிம்பை ஒட்டித் தெரியும் நட்சத்திரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு அதைப் பார்த்து ஓட்டுங்கள், கண்ணும் சோராது. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், கால் மணி நேரத்திற்கு ஒருமுறை திசைகாட்டியோடு ஒப்பிட்டு வேறு நட்சத்திரத்திற்கு மாற வேண்டும்.

துருவ நட்சத்திரத்தின் உயரமும் நீங்கள் நிற்கும் அட்சரேகையும் ஏறத்தாழ ஒன்றே. கன்னியாகுமரி வடக்கு 8 பாகையில் இருப்பதால் நமக்கு அது நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்திற்கும் கீழே, வடக்கே உள்ள மலைகளுக்கும் மூட்டத்திற்கும் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நம்மில் பலர் அதைக் கண்டதே இல்லை. கனேரித் தீவுகளில் 28 பாகை உயரத்தில் அது நிற்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. தெற்கே இறங்க இறங்க அது இரவுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துவருவதை முட்டியால் அளந்து பாருங்கள். ஊருக்கு அருகில் வந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும்.

சுற்றிலும் கடலைக் கவனிக்கும் காவலுக்கு அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நிற்பவர் விளக்கு, கப்பல், மரத்துண்டு, மழைமேகம் எதைக் கண்டாலும் உடனே சொல்ல வேண்டும். வீணாகச் சொல்லிவிட்டோமோ என்ற கூச்சம் வேண்டாம். ஒருவர் கடலில் விழுந்தால், கண்டவர் உரக்கக் கத்திவிட்டு, கைக்கெட்டும் மிதவையை எறிந்து, விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடி, வேறு எவர் என்ன சொன்னாலும் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலையைக் கண் ஒருமுறை விட்டால் மறுபடி காண்பது அரிது.

வயிறும் தண்ணீரும்

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் கடல்மயக்கம் வரும். கரையோர வள்ளத்தில் வராதவருக்கும் பெருங்கடலின் நீண்ட அலையில் வரும். அது வெட்கப்பட வேண்டியதல்ல. பெரும்பாலானோருக்கு மூன்று நாளில் விட்டுவிடும். மாத்திரை எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு எடுத்தால் வயிற்றில் தங்காது. வெறும் வயிற்றோடு கிடக்காதீர்கள். உலர்ந்த ரொட்டி, கொஞ்சம் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், சுக்கு ஆகியவை வயிற்றில் நிற்கும். ஊரிலிருந்து உப்பு நார்த்தங்காயும் ஏத்தங்காய் வற்றலும் கொண்டுபோங்கள். என் குழுவில் நார்வேக்காரரும்கூட நார்த்தங்காயைக் கேட்டு வாங்கினார்கள். தளத்தின் நடுப்பகுதியில் அடிவானத்தைப் பார்த்து உட்காருங்கள். வேலை கொடுத்தால் மறுக்காதீர்கள், சுக்கான் பிடிப்பதுதான் எனக்குச் சிறந்த மருந்தாக இருந்தது. இரவில் வாந்தி வந்தால் தனியாகக் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிக் குனியக் கூடாது, வாளியைப் பயன்படுத்துங்கள்.

குடிப்பதற்குத் தட்டுப்பாடு இருக்காது, குளிப்பதற்கு இருக்கும். கடல்நீரில் சோப்பு சரியாக நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். கயிறு கட்டிய வாளியால் கடல்நீர் மொள்வதற்கும் ஒரு முறை உண்டு. கப்பல் ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல்மைல்) வேகத்தில் போகும்போது நிறைந்த வாளி உங்களைக் கடலுக்குள் இழுக்கும் அளவுக்குப் பாரமாகிவிடும். ஆகவே வாளியை முன்பக்கமாக எறிந்து, அது உங்களுக்கு நேரே வரும்போதே, பாதி நிறைந்த நிலையில் மேலே தூக்கிவிட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கடல்நீரில் குளித்து முடித்து, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை ஈரத்துண்டால் உடம்பு முழுவதும் ஒற்றித் துடைத்தால் உப்பு போய்விடும். உள்ளாடையைக் கடல்நீரில் துவைத்து அப்படியே உலர்த்தாதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்தத் துணி கடைசிவரை காயாது. இடுப்பிலும் தொடையிலும் புண் வரும். படுக்கும் முன் அந்த இடங்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். கைக்குத் தடவினால் கயிறு வழுக்கும்.

பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவது எந்தக் கடலிலும் சர்வதேச விதிப்படி குற்றம். ஒரு மிட்டாய்த் தாளும் அதில் அடங்கும்.

மணிக்கு ஒருமுறை எழுதும் எண்

ஒவ்வொரு மணி நேரமும் காவலில் உள்ள ஒருவர் கப்பலின் இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தூக்கக் கலக்கத்தில் முந்தைய வரியைப் பார்த்து எழுதிவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வெப்பமண்டலக் கடலில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உயர்ந்தும், நான்கு மணிகளை ஒட்டித் தாழ்ந்தும் இருக்கும். ஆகவே நேற்று இதே நேரத்தில் இருந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த நேரத்துக்கு வழக்கமாக இருக்க வேண்டிய அளவைவிட மூன்று மில்லிபார் குறைந்தால் விழிப்பாக இருக்க வேண்டும்; ஐந்து குறைந்தால் புயல் அருகில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். இடையில் ஒருவர் பொய்யாக எழுதிய இரண்டு எண்கள் அந்தச் சரிவை மறைத்துவிடும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் கரையை அடித்தபோது கடலில் இருந்தவர்களின் வீடுகள் எப்படி இருந்தன என்பதை இதைப் படிக்கும் குமரிக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பயிற்சிக் கப்பலில் நீங்கள் கற்கும் எல்லாவற்றிலும், இந்த ஒன்றை மட்டுமாவது ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுக்கொள்கிறேன். அழுத்தமானியைப் பார்த்து மணிக்கு ஒருமுறை எழுதும் பழக்கம் தங்குகடலுக்குப் போகும் நம் படகுகளுக்கும் வேண்டும். உங்கள் அண்ணனுக்கும் மாமாவுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க உங்களால் முடியும்.

கரை தெரிந்த பிறகு

மூன்று வாரத்திற்குப் பிறகு அடிவானத்தில் மலை ஒன்று தெரியும்போது எல்லாரும் மேலே ஓடிவருவார்கள். காவலில் உள்ளவர்கள் தங்கள் இடத்தைவிட்டு நகரக் கூடாது. கரையை ஒட்டிய கடல்தான் நடுக்கடலைவிட ஆபத்தானது. நங்கூரம் போட்ட முதல் இரவிலும் காவல் உண்டு, அன்றைக்கு விழித்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அந்தக் காவலில் உங்கள் வேலை, கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர்கிறதா என்று பார்ப்பது. முட்டத்துக்கு வெளியே நம் பெரியவர்கள் வேளிமலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்வைத்து இடம் பார்ப்பதுபோல, கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு விளக்குகளைத் தேர்ந்தெடுத்து, அவை எப்படி நேராகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இன்னோர் இணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நங்கூரத்தில் கப்பல் ஊசலாடும்போது அவை சற்று விலகித் திரும்பச் சேரும். சேராமல் விலகிக்கொண்டே போனால், காத்திருக்காமல் அதிகாரியை எழுப்புங்கள்.